மீண்டும் திறவாத ஏடுகள்

(கொல்லிமலையில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

பத்தாண்டு நிறைவெய்தும் ஓர் இலக்கிய வட்டத்தின் விழாவில், அதுவும் கொல்லிமலையில், வல்வில் ஓரியின் வண்மையைப் பேசலாம். கொல்லிப் பாவையின் எழிலைப் பேசலாம். அறப்பள்ளீசுர சதகம் பாடிய அம்பலவாணக் கவிராயரைப் பேசலாம். கணிப்பொறிக் கோப்பைப் பற்றிப் பேச இங்கே என்ன இடம் இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் அவையிலுள்ள கவிஞர்களில் பெரும்பாலோரின் பாடல்கள் இன்று ஓலையிலும் இல்லை, தாளிலும் இல்லை. ஆகவே இப்பொருள் ஓரிக்கும் பாவைக்கும் அயலானதன்று. அவ்விருவரும் இவ்வுரையில் வர வேண்டிய இடத்தில் வருவார்கள்.

எண்ணிப் பார்ப்பதற்காக ஒரு கவிஞரை நிறுத்திக்கொள்ளலாம். மலைநாட்டுக்காரர், பள்ளி ஆசிரியர். 1996ஆம் ஆண்டில், அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த நாமக்கல்லுக்குப் பேருந்தில் இறங்கிப்போய், ஒரு கணிப்பொறி அச்சகத்தில் தம் நூறு பாடல்களைத் தட்டச்சுச் செய்வித்தார். அச்சிடப் பணம் கூடவில்லை. பாடல்களை ஒரு நெகிழ்வட்டில், ஃபிளாப்பி என்று அனைவரும் சொல்வோமே அதில், வாங்கி வந்து அலமாரியில் வைத்தார். கையெழுத்துப் படி அச்சகத்திலேயே தங்கிப்போயிற்று. பல ஆண்டுகள் கழிகின்றன. வட்டை யாரோ வெறும் வட்டு என்று கருதிக் கோப்பை அழித்து வேறு கணக்கொன்றை அதில் எழுதிவிடுகிறார்கள். பிறகு ஒருநாள் உண்மை தெரிகிறது. நகரத்தில் ஒரு வல்லுநர் மென்பொருள் ஒன்றைச் செலுத்தி, 'கோப்பு மீண்டுவிட்டது' என்கிறார். பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, தேதி இருக்கிறது. திறந்தால் திறக்கவில்லை, திறந்த இடத்தில் தமிழ் இல்லை. மீண்டது என்ன, மீளாதது என்ன? இந்தக் கேள்விக்கான விடைதான் இவ்வுரை.

முதலில், அழித்தல் என்ற சொல்லே பொருந்தாச் சொல். நெகிழ்வட்டிலும் அக்காலத்து வன்தட்டிலும் ஒரு கோப்பை அழித்தால் அதன் உள்ளடக்கத்தைக் கணிப்பொறி தொடுவதே இல்லை. வட்டின் தொடக்கத்தில் பெயர்ப்பட்டியல் ஒன்று உண்டு. அதில் அந்தக் கோப்பின் பெயரில் முதலெழுத்தை மட்டும் நீக்கி, அவ்விடத்தில் 'இது இல்லை' என்பதற்குரிய குறியை இடும். எம்.எஸ்.டாஸ் என்னும் பழைய இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்பு 1991இல் வந்தபோது, அழித்த கோப்பை மீட்கும் கட்டளை ஒன்று அதனோடு வந்தது. அக்கட்டளை, மீட்கப் போகும் கோப்பின் முதலெழுத்து எது என்று பயனரையே கேட்கும். மற்ற எழுத்துகளெல்லாம் அதற்குத் தெரியும், முதலெழுத்துத் தெரியாது. மோனை போய் எதுகை நின்ற கதை என்று கவிஞர்கள் இதைச் சொல்லிக்கொள்ளலாம். இந்த அளவில் நின்றிருந்தால் இழப்பு எதுவும் இல்லை; முதலெழுத்தை ஊகிப்பது புலவர்க்கு அரிதா என்ன?

பட்டியலோடு அட்டவணை ஒன்றும் உண்டு. அங்கேதான் இடர். வட்டு சிறு சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். வழக்கமான மூன்றரை அங்குல நெகிழ்வட்டில் ஒரு கூறு 512 பைட்டு. ஏறத்தாழ ஒரு சிறு பாடல் அளவு. நூறு பாடல்கள் கொண்ட கோப்பு நூற்றுக்கும் மேற்பட்ட கூறுகளில் கிடக்கும். அவை அடுத்தடுத்துத்தான் கிடக்கும் என்பதில்லை. வட்டில் எங்கெங்கே இடம் ஒழிந்திருந்ததோ அங்கங்கே எழுதப்பட்டிருக்கும். ஐந்தாம் கூறுக்கு அடுத்தது ஒன்பது, ஒன்பதுக்கு அடுத்தது நாற்பது என்று அந்த அட்டவணை ஒவ்வொன்றுக்கும் அடுத்ததைச் சொல்லும். இது அந்தாதித் தொடை அன்றி வேறில்லை. ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கத்தைக் காட்டுகிறது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இழப்பு முழுவதும் அந்த வேறுபாட்டில்தான் விளைகிறது. அந்தாதி நூல் ஒன்றின் ஓலைகள் கட்டவிழ்ந்து சிதறினாலும் புலவர் ஒருவர் அவற்றை மீண்டும் வரிசைப்படுத்திவிடுவார். ஈற்றுச்சொல் பாடலுக்குள்ளேயே இருக்கிறது. கணிப்பொறியின் அந்தாதியோ ஓலைகளில் இல்லை. வேறொரு தனி ஓலையில் இருக்கிறது. கோப்பை அழிக்கும்போது உள்ளடக்கத்தைத் தொடாத கணிப்பொறி, இந்தத் தனி ஓலையில் அக்கோப்புக்குரிய இடங்களையெல்லாம் சுழியாக்கிவிடுகிறது. முதற்கூறு எங்கே என்பது பெயர்ப்பட்டியலில் எஞ்சும். மொத்த அளவும் எஞ்சும். அடுத்த கூறு எது என்பது எஞ்சாது. மீட்கும் மென்பொருள் என் செய்யும்? முதற்கூறில் தொடங்கி, அடுத்தடுத்துக் கிடக்கும் கூறுகளை வேண்டிய அளவு வரை எண்ணி எடுத்துக்கொள்ளும். கோப்பு உண்மையிலேயே தொடர்ச்சியாகக் கிடந்திருந்தால் முழுப்பேறு. சிதறிக் கிடந்திருந்தால், முதல் சில பாடல்கள் சரியாக இருக்கும். பிறகு வேறொருவரின் கடிதம் வரும். அதன்பின் எதற்கும் ஆகாத துணுக்குகள் வரும். அளவு மட்டும் பைட்டுக்குப் பைட்டு பொருந்தும். வல்லுநர் 'மீண்டுவிட்டது' என்று சொன்னது இந்த அளவைப் பார்த்துத்தான். அவர் பொய் சொல்லவில்லை. நூறு ஓலை கேட்டார்கள், நூறு ஓலை எண்ணித் தந்தார்.

அழித்த இடத்தின்மேல் பிறிதொன்று எழுதப்பட்டிருந்தால் அக்கூறு போனது போனதுதான். அதை மீட்கும் மந்திரம் எந்தக் கடையிலும் இல்லை. இழப்பு தெரிந்த கணம் முதல் அந்த வட்டில் எதையும் எழுதாதிருப்பதே செய்யத்தக்கது. ஆனால் பதற்றத்தில் மனிதர்கள் இதற்கு நேர்மாறாகத்தான் செய்கிறார்கள். மீட்கும் மென்பொருளைக் கொணர்ந்து அதே வட்டில் நிறுவுகிறார்கள். மீண்ட கோப்பை அதே வட்டில் சேமிக்கிறார்கள். கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்க அதே கிணற்றில் மண்ணைக் கொட்டுவது போன்றது இது. அறிந்தவர்கள் வட்டை முழுமையாக நகலெடுத்து, மூலத்தை எடுத்து வைத்துவிட்டு, நகலில்தான் கை வைப்பார்கள்.

பெயர்ப்பட்டியலே பாழாகிவிட்டால்? அப்போதும் ஒரு வழி உண்டு. இங்கே ஓரி வருகிறான். புறநானூற்றின் 152ஆம் பாடலில், வன்பரணர் காட்டும் வேட்டுவன் தன் பெயரைச் சொல்வதில்லை. யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி, உடும்பில் போய்த் தைத்த அம்பு ஒன்றைப் பாணர் காண்கின்றனர். இப்படி எய்பவன் ஓரியாகத்தான் இருக்க வேண்டும் என்று உய்த்துணர்கின்றனர். பெயரில்லாத கோப்பையும் இவ்வாறே அறிகிறார்கள். ஒவ்வொரு வகைக் கோப்பும் தனக்கே உரிய சில பைட்டுகளோடு தொடங்கும். இக்காலத்து வேர்டு ஆவணம் உண்மையில் ஒரு சிப்புக் கட்டு. அது பி, கே என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அவ்வடிவத்தை ஆக்கிய ஃபில் காட்சு என்பவரின் பெயரின் முதலெழுத்துகள் அவை. நிழற்படக் கோப்புக்கு வேறு தொடக்கம், பழைய வேர்டு ஆவணத்துக்கு வேறு தொடக்கம். ஃபோட்டோரெக் போன்ற மென்பொருள்கள் வட்டு முழுவதையும் முதலிலிருந்து கடை வரை துழாவி, இந்த அடையாளம் கண்ட இடத்திலெல்லாம் 'இங்கே ஒரு கோப்பு தொடங்குகிறது' என்று வெட்டியெடுக்கும். பெயர் தெரியாதாகையால் எண்ணிட்டு வைக்கும். எங்கே முடிகிறது என்பது பல வகைகளில் அதற்கு உறுதியாகத் தெரியாது. பாணர் அம்பு தைத்த உடும்பு வரை சென்று பார்த்தார்கள். மென்பொருள் யானையோடு நின்றுவிடுவதும் உண்டு, உடும்பையும் தாண்டிப் புற்றுக்குள் போய்விடுவதும் உண்டு.

ஏன் சிறிது குறைந்தாலும் கோப்பு அறவே திறப்பதில்லை என்பதற்குப் பதிற்றுப்பத்தைக் காட்டலாம். உ.வே. சாமிநாதையர் 1904இல் அந்நூலைப் பதிப்பித்தார். முதற்பத்தும் பத்தாம் பத்தும் அவருக்குக் கிடைக்கவில்லை, இன்றுவரை கிடைக்கவில்லை. இடையிலுள்ள எட்டுப் பத்துகள் வாழ்கின்றன. கட்டின் முதலும் கடையும் முதலில் சிதைவது ஏட்டின் இயல்பு. கைபடுவதும் பூச்சி தொடுவதும் அங்கேதான். ஆனாலும் இடைநின்ற எட்டுப் பத்துகள் தாமே நிற்கின்றன. எட்டாம் பத்தைப் படிக்கப் பத்தாம் பத்து வேண்டுவதில்லை. பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய அந்த எட்டாம் பத்தின் பதிகத்தில்தான் கொல்லிக் கூற்றத்துப் போர் பேசப்படுகிறது. பத்தாம் பத்தின் தலைவன், கொல்லியை ஆண்டவனாகப் புறநானூறு காட்டும் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை ஆகலாம் என்பது அறிஞர் சிலர் கருத்து. அப்படியாயின் இம்மலையைப் பற்றிய பாடல்களும் அந்தக் கடைசி ஓலைகளோடு போயிருக்கக்கூடும்.

இனிக் கணிப்பொறிக்கு வரலாம். சிப்புக் கட்டில் உள்ளே என்னென்ன இருக்கின்றன, எங்கெங்கே இருக்கின்றன என்று சொல்லும் பொருளடக்கம் கோப்பின் முடிவில் இருக்கிறது. இக்கால வேர்டு ஆவணத்தின் கடைசிப் பகுதி மீளவில்லை என்றால், கவிதை முழுவதும் நடுவில் பத்திரமாக இருந்தாலும் வேர்டு மென்பொருள் அதைத் திறக்க மறுக்கும். பழைய வேர்டு ஆவணமோ தனக்குள்ளேயே ஒரு சிறு வட்டு போன்றது. அதற்கும் உள்ளே ஒரு கூற்று அட்டவணை, ஓர் அந்தாதி. அதன் வழிகாட்டித் தலைப்பகுதி கெட்டால் மற்றவை கிடந்தும் பயனில்லை. ஓலை பொறுமை உடையது. கிழிந்த இடத்தை விட்டுவிட்டு மற்றதைப் படிக்கக் கொடுக்கும். புறநானூற்றில் 267ஆம் 268ஆம் பாடல்கள் இல்லை என்பதற்காக 269ஆம் பாடல் திறக்காமல் இருப்பதில்லை. ஒட்டிச் சுருக்கிக் கட்டப்பட்ட கோப்பில் அந்தத் தயவு கிடையாது. சுருக்கப்பட்ட பகுதியில் ஒரு பிழை நேர்ந்தால் அதற்குப்பின் வருவதும் பொருளிழக்கும்; பின்னது முன்னதைச் சார்ந்தே விரிகிறது. ஒன்றுமில்லாத வெற்றுரைக் கோப்பு, எந்த அலங்காரமும் இல்லாமல் எழுத்தை எழுத்தாக மட்டும் வைத்திருப்பது, ஓலையைப் போன்றது. பாதி போனாலும் மீதி படிக்கலாம். கவிஞர்கள் இதை அறிந்திருத்தல் நன்று.

இதுவரை சொன்னது உடைந்த கோப்பு. முழுதாக மீண்டும் திறவாத கோப்பு ஒன்று உண்டு. தமிழர்க்கு நேர்ந்த பெருந்துயர் அதுதான்.

ஓலையில் எழுதிய காலத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் அருகியிருந்தது. எகரக் குறிலும் ஏகார நெடிலும் ஒரே வடிவம். ஒகர ஓகாரங்களும் அவ்வாறே. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் இருக்கும். ஏடு கையில் இருந்தால் மட்டும் போதாது. எப்படிப் படிப்பது என்பது வாசிப்பவரிடம் இருக்க வேண்டும். இதைவிட வலிய சான்று மலைக்குகைகளில் உள்ளது. தமிழகக் குகைகளின் பழைய பிராமி எழுத்துகள் படியெடுக்கப்பட்ட பின்னும் பொருள் தராமல் நெடுநாள் கிடந்தன. எழுத்து தெரிந்தது, சொல் தெரியவில்லை. வடநாட்டு விதியைக்கொண்டு படித்தால், 'மகன்' என்று எழுதப்பட்டது 'மாகான' என்று ஒலிக்கும். குறில் நெடிலாகிறது, மெய் உயிர்மெய்யாகிறது. கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் அவற்றின் மொழி தமிழே என்பதைக் காட்டினார். ஐராவதம் மகாதேவன் 1965இல் புகளூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டைப் படித்து, இரும்பொறை மரபின் மூன்று தலைமுறையை அதில் கண்டார். பதிற்றுப்பத்தின் சேரர்களோடு அறிஞர் அவர்களை ஒப்பிடுவர். கல்லில் ஓர் எழுத்தும் புதிதாக முளைக்கவில்லை. படிக்கும் விதி கிடைத்தது; கல் திறந்தது.

கணிப்பொறி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைச் சேமிக்கிறது. எந்த எண் எந்த எழுத்து என்பது ஓர் ஒப்பந்தம். தமிழுக்கு இவ்வொப்பந்தம் ஒன்றாக இருக்கவில்லை. கனடாவில் சீனிவாசனின் 'ஆதமி', மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு', சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் 'கணியன்' என்று ஆர்வலர்கள் தனித்தனியே உழைத்தார்கள். அச்சகங்கள் தத்தமக்கு வாய்த்த எழுத்துருவைப் பயன்படுத்தின. ஈழத்தவரிடமும் தமிழகத்திலும் பரவிய 'பாமினி'யில் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளிலேயே தமிழெழுத்துகள் அமர்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால், காற்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த ஆங்கில எழுத்துக் குவியல் ஒன்று தோன்றும். கோப்பு கெட்டுவிட்டது என்று பலர் அதை அழித்துவிட்டார்கள். கெடவில்லை, படிக்கும் விதி உடன் வரவில்லை. 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் கூடிய மாநாடுகள் இக்குழப்பத்தைத் தீர்க்க முயன்றன. சென்னை மாநாட்டின் விளைவாகத் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரண்டு குறியேற்றங்களை ஏற்றது. இணையத்தில் பழகியோர் தகுதரம் எனப்படும் டிஸ்கியை ஏற்றார்கள். ஒன்றாக்கக் கூடிய இடத்தில் மூன்றாயிற்று என்று சொல்வோர் உண்டு. அவர்கள் பேச்சில் உண்மை இல்லாமலில்லை. எனினும் நூற்றுக்கணக்கில் இருந்ததை மூன்றாக்கியதும் சிறு பணியன்று. 1991இலேயே யூனிக்கோடு அட்டவணையில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. அது நடைமுறைக்கு வர ஆண்டுகள் பல ஆயின. 2010இல்தான் தமிழக அரசு யூனிக்கோடை முறையாக ஏற்றது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைத் தகுதரத்தில் வெளியிட்டு, பின்னர் யூனிக்கோடுக்கு மாற்ற நேர்ந்தது.

மாற்றுவது எளிதென்று எண்ணலாகாது. பழைய குறியேற்றங்களில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கும்: முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். யூனிக்கோடிலோ ஒலி வரிசை: முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி. 'கொல்லி' என்னும் சொல்லையே வரிசை மாற்றாமல் எண்ணுக்கு எண் பெயர்த்தால், கொம்பு தனித்து நிற்க, முதலெழுத்து காலிழுத்துக்கொண்டு காகாரமாகிவிடும். மேலைநாட்டு மென்பொருள்கள் 'தேவையெனில் மட்டும் காட்டும் இடைக்கோடு' என்று கருதிய ஓர் இருக்கையில், சில எழுத்துருக்களில் தமிழெழுத்து ஒன்று அமர்ந்திருந்தது. அம்மென்பொருள்கள் அவ்வெழுத்தைத் தின்றுவிட்டன. சொற்றொடரின் முதலெழுத்தைத் தானாகவே பெரிய ஆங்கில எழுத்தாக்கும் வசதியும் பாமினிக் கோப்புகளைப் பாழாக்கியது. பெரிய எழுத்தின் இருக்கையில் இருப்பது வேறு தமிழெழுத்து. மேலைநாட்டார் திருத்தம் என்று நினைத்தது தமிழில் பாட பேதமாயிற்று.

விதியும் இருந்து, ஏடும் இருந்து, திறக்கும் கருவி இறந்துபோவது இன்னொன்று. மணிமேகலையின் ஏடு உ.வே. சாமிநாதையரின் கையில் இருந்தும் பொருள் விளங்காமல் நின்றது. எழுத்து தமிழ், சொல் தமிழ், சமயம் தமிழகத்தில் வாழ்விழந்துவிட்ட பௌத்தம். கும்பகோணத்தில் மளூர் ரங்காசாரியர் அது பௌத்த நூல் என்பதை உணர்த்தி, வேண்டிய செய்திகளை எடுத்துச் சொன்ன பிறகே காப்பியம் வாய் திறந்தது, 1898இல் பதிப்பாயிற்று. தமிழகத்து அச்சகங்கள் தொண்ணூறுகளில் நம்பியிருந்த பேஜ்மேக்கர் மென்பொருள் 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது. அதில் கட்டிய மலர்கள், மணிவிழா வாழ்த்துகள், கவிதைத் தொகுதிகள் எத்தனையோ. கோப்பு முழுமையாக மீண்டாலும் அதைப் படிக்கும் மென்பொருள் இன்றைய கணிப்பொறியில் இல்லை. செல்வ நாடுகளும் இதற்கு விலக்கல்ல. இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டில் தோலேட்டில் எழுதிய நிலக்கணக்கு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அதன் தொள்ளாயிரமாவது ஆண்டை ஒட்டி 1986இல் பி.பி.சி. நிறுவனம் ஒளித்தட்டில் ஆக்கிய புதிய தொகுப்பு, பதினைந்து ஆண்டுக்குள் படிக்கும் பொறி அரிதாகி, அதை மீட்கத் தனி ஆராய்ச்சியே நடத்த வேண்டியதாயிற்று.

இளங்கவிஞர்கள் கைப்பேசியில் எழுதுகிறார்கள். அவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. இக்காலக் கைப்பேசி தன்னுள் இருப்பதையெல்லாம் மறையாக்கம் செய்தே வைக்கிறது. திறவுகோல் அதே கருவிக்குள் இருக்கிறது. கருவி எரிந்தால், நினைவுச் சில்லைப் பெயர்த்தெடுத்து ஒவ்வொரு பைட்டையும் மீட்டாலும் கிடைப்பது பூட்டிய பெட்டிதான். இன்றைய திண்மநிலைத் தட்டுகளும் பழைய வட்டைப் போல் அல்ல. அழித்த இடத்தைத் தாமே துடைத்துவிடும் ஏற்பாடு அவற்றில் உண்டு. பெயர் மீளும், அளவு மீளும், உள்ளே சுழிகள் மட்டும் இருக்கும். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னகிரை என்னும் நச்சுநிரல் இதே பூட்டைப் பகைவன் கையில் கொடுத்தது.

கொல்லிப் பாவையை நற்றிணையில் பாடிய பரணர், காற்று மோதினாலும் மழை விரைந்து பொழிந்தாலும் இடி விழுந்தாலும் நிலமே பெயர்ந்தாலும் தன் உருக் கெடாதது என்று அதன் இயல்பைச் சொன்னார். மலைவாழ் கவிஞர்க்கு அந்தப் பேறு இல்லை. மழைமாதங்களில் இங்கே அலமாரிக்குள் துணி பூஞ்சணம் பூக்கிறது. நெகிழ்வட்டின் காந்தப் பரப்பிலும் அவ்வாறே பூக்கிறது. பூஞ்சணம் படிந்த வட்டைப் பொறியில் செருகிச் சுழற்றினால் படிக்கும் முனை அந்தப் பரப்பையே சுரண்டிவிடும். அப்படிப்பட்ட வட்டை வீட்டில் ஒருமுறை 'இருக்கிறதா பார்க்கலாம்' என்று செருகுவது, இற்ற ஓலையை விரல்நகத்தால் நிமிண்டுவது போல. ஓலைக்கு எண்ணெய் தடவிக் காத்தார்கள், இற்றுப்போகும் முன் பெயர்த்தெழுதிக் காத்தார்கள். முன்னது வட்டுக்கு ஆகாது. பின்னது ஆகும்.

முதலில் நிறுத்திய கவிஞரிடம் திரும்பலாம். அவருடைய நூறு பாடல்களின் கதி என்னவாகும்? பிறர் எழுதிய கணக்கு ஏறிய கூறுகள் போயின. அங்கிருந்த பாடல்கள் வாரா. அட்டவணை சுழியானதால் வரிசை போயிற்று. ஆனால் அவர் எழுதியது அந்தாதியாக இருந்தால் வரிசை மீளும். வெண்பாவாக இருந்தால் தளையும் எதுகையும் கொண்டு எந்தத் துணுக்கு எதனோடு ஒட்டும் என்று ஓரளவு சொல்லலாம். இதை எந்த மென்பொருளும் செய்யாது, யாப்பறிந்தவர் செய்வார். எழுத்துரு எது என்று தெரியாமையால் ஆங்கிலக் குவியலாக நிற்கும் பகுதி திறக்கும். அதற்கு 1996இல் அந்த அச்சகத்தில் தட்டச்சுச் செய்தவர் எந்த எழுத்துருவில் செய்தார் என்ற ஒரு செய்தி போதும். அவர் நினைவில் அது இல்லாவிடில், அதே அச்சகம் அதே ஆண்டில் அச்சிட்ட திருமண அழைப்பிதழ் ஒன்று போதும். எழுத்தின் சாய்விலிருந்து எழுத்துருவைக் கண்டுகொள்ளலாம்.

ஆகவே அன்பர்கள் தத்தம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் வட்டுகளைத் துடைக்காமல், செருகிப் பார்க்காமல், உறையோடு எடுத்து வைப்பார்களாக. உறையின்மேல் மூன்று செய்திகளை மையால் எழுதினால் நலம்: எந்த ஆண்டு, எந்த அச்சகம், எந்த எழுத்துரு. மூன்றாவது தெரியாவிட்டால் முதலிரண்டையாவது எழுதி, அவ்வாண்டில் அதே அச்சகத்தில் அச்சான ஏதேனும் ஒரு தாளை அதனோடு சேர்த்து வைப்பார்களாக.